பெண்கள் பக்கம், நான்காவது பெஞ்சு

அந்த நாற்காலி வேண்டாம் ஐயா, அதற்கு ஒரு கால் சரியில்லை. இந்த ஸ்டூலில் உட்காருங்கள். போதகர் வந்தால் நல்ல நாற்காலி போட வேண்டும் என்பது தெரியும். ஆனால் நல்ல நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் வலி.

வீடு சந்திக்க வந்ததாகச் சொன்னீர்கள். சந்தோஷம். எங்கள் தெருவில் சபையார் வீடு பதினேழு. முதல் எட்டு வீட்டையும் விட்டுவிட்டு நேரே ஒன்பதாவது வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். கையில் ஒரு கவர். கவரின் மேல் எங்கள் கோயில் செயலாளர் ஜெபசிங்கின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து எனக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத்தான் எழுதுவான். பிரிக்க வேண்டாம் ஐயா. உள்ளே இருப்பதை நானே சொல்லிவிடுகிறேன். அருமைநாயகம் என்கிற நான் ஞாயிறுதோறும் பெண்கள் பக்கத்தில் உட்காருகிறேன், சபை ஒழுங்கு கெடுகிறது, நாளைக்குக் கமிட்டி கூடுகிறது, அதற்குள் போதகர் போய்ப் பேசிப் பார்க்கவும். சரிதானே?

நீங்கள் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று ஞாயிறும் என்னைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருக்க முடியாது. அத்தனை முக்காட்டுக்கு நடுவில் ஒரே ஒரு வழுக்கை. முதல் ஞாயிறு என்னைப் பார்த்ததும் பிரசங்கத்தில் ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தீர்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

சட்டம் தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பெண்கள் இருக்கையிலிருந்து நான் எழுப்பிவிட்ட ஆண்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் பஸ் ஸ்டாண்டு கொள்ளாது. தூங்குகிற மாதிரி நடித்தவனை எழுப்பியிருக்கிறேன். காலில் கட்டுப் போட்டு வந்தவனையும் எழுப்பியிருக்கிறேன். ஏறும்போது ஒரு காலை நொண்டினான், உட்காரப் போகும்போது மறு காலை நொண்டினான். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள் இல்லையா, அதை நான் ஒருநாளும் விட்டதில்லை. துண்டை எடுத்து டிரைவரிடம் கொடுத்துவிடுவேன். அவர் கண்ணாடி துடைப்பார். அப்படிப்பட்டவன்தான் இப்போது அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காரணம் இருக்காதா? காரணத்தைக் கேட்காமல் கடிதம் எழுதுகிறான்.

என் வீட்டுக்காரி சுகிர்தம் போய்ச் சேர்ந்து, வருகிற ஐப்பசியோடு இரண்டு வருஷம். கிட்னி. ஆறு மாசம் படுத்திருந்தாள். முப்பத்தாறு வருஷம் நாங்கள் ஒரே கோயிலுக்குத்தான் போனோம், ஆனால் ஒரு ஞாயிறுகூடச் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. ஆண்கள் வலது, பெண்கள் இடது, நடுவில் பாதை. நான் கடைசிப் பெஞ்சு, வாசலை ஒட்டி. பிரசங்கம் நீண்டால் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு ஜெபத்துக்கு வந்துவிடலாம். உங்கள் பிரசங்கத்தைச் சொல்லவில்லை. அவள் நான்காவது பெஞ்சு, சுவர் ஓரம். அங்கே இருந்தபடியே என்னை ஆட்டிவைப்பாள். திரும்பிப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்தால், வாயைத் திறந்து பாடு என்று அர்த்தம். காதைத் தொட்டால், தூங்காதே. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால், வீட்டுக்கு வா, பேசிக்கொள்கிறேன். கண்ணாடி கழற்றிய ஞாயிறுகளில் நான் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வீட்டுக்கு வருவேன்.

அவள் போனபிறகு ஆட்கள் வந்தார்கள். நல்லவர்கள். சோறு கொண்டுவந்தார்கள், ரசம் கொண்டுவந்தார்கள். எழுந்து போகும்போது எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். கர்த்தர் உங்க பக்கத்துலயே இருக்காரு அண்ணாச்சி. பத்துப் பேர் சொன்னால் தலையை ஆட்டலாம். ஊரே சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் என்றால் எந்தப் பக்கம்? உங்களுக்கு முன்னால் இருந்த போதகரிடம் கேட்டேன். எல்லா இடத்திலும் இருக்கிறார் என்று சொன்னார். ஐயா, எங்கே ஏறினாய் என்று கேட்டதற்கு எல்லா இடத்திலும் என்று ஒருவன் பஸ்ஸில் பதில் சொன்னால், அவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

நான் கேலி செய்யவில்லை. எனக்கு அவர் வேண்டியிருந்தது. இந்த வீட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் அவளுடைய தையல் மெஷின். மகள் மஸ்கட்டில். போன் போட்டால், சாப்பிட்டாச்சா அப்பா என்பாள், ஆச்சு என்பேன், அதோடு இருவருக்கும் வார்த்தை தீர்ந்துவிடும். முழங்கால் போட்டு ஜெபித்தேன். எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான் நடந்தது. அழலாம் என்று பார்த்தேன். அழுகையும் வரவில்லை.

அப்போதுதான் அந்த வேலையைச் செய்தேன். நீங்கள் சிரிக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிறார் என்று எல்லாரும் சொல்கிறார்களே, வந்தால் உட்கார இடம் வேண்டாமா? கடைசிப் பெஞ்சில் எனக்கு அடுத்த இடத்தில் துண்டைப் போட்டேன். ஆமாம், நானேதான். வெள்ளைத் துண்டு, சலவைக்குப் போட்டு எடுத்தது. முதல் ஞாயிறு கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. எட்டு ஞாயிறு போட்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்க ஆள் வந்தால்தானே. துக்கக்காரன் பக்கத்தில் யாரும் வந்து உட்கார மாட்டார்கள் ஐயா. ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பார்கள்போல. கை கொடுப்பார்கள், தோளைத் தட்டுவார்கள், இரண்டு பெஞ்சு தள்ளிப் போய் உட்காருவார்கள்.

எட்டு ஞாயிறும் துண்டு துண்டாகவேதான் கிடந்தது.

பழக்கதோஷத்தில் பாட்டு நடுவே நான்காவது பெஞ்சைப் பார்ப்பேன். அவள் இடத்தில் ஒரு கைப்பை இருக்கும். அரக்குக் கலர், பெரிய பை. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு மனுஷி இருந்த இடத்தில் பையையா வைப்பார்கள்? மடியில் வைத்தால் தேய்ந்துபோகுமா? பை, சுகிர்தத்துக்குப் பக்கத்தில் உட்காருகிற சாராள் டீச்சருடையது என்று தெரியும். அவர்களோடு பேச்சை நிறுத்திவிட்டேன். நான் பேச்சை நிறுத்தியது அவர்களுக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒன்பதாவது ஞாயிறு அறுப்பின் பண்டிகை. வெளியூரில் இருக்கிறவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். வாழைத்தாரும் பூசணிக்காயும் ஆல்டர்வரைக்கும் குவிந்திருக்கிறது, உட்கார இடம் இல்லை. நான் துண்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜெபசிங் வருகிறான். கவனமாகக் கேளுங்கள் ஐயா. அவனுக்கு முன்பெஞ்சில் தனி இடம் உண்டு. செயலாளர் இடம். அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள், அன்றைக்கும் அது காலியாகத்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு, கடைசிப் பெஞ்சுக்கு வந்து நிற்கிறான். என்னை வம்புக்கு இழுப்பதற்கல்லாமல் வேறு எதற்கு?

“யார் துண்டுவே இது?”

“என் துண்டுதான். ஆள் வருது.”

“எந்த ஆளு?”

நான் என்ன சொல்ல முடியும்? கர்த்தர் என்று சொன்னால் மறுநாள் என்னைப் பாளையங்கோட்டைக்கு டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். வருவாரு என்றேன்.

“எட்டு வாரமா வராத ஆளு. வந்தா நான் எந்திச்சிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்து நாலாக மடித்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். தோளோடு தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தான். கர்த்தருக்குப் போட்ட இடத்தில் உரக்கடை ஜெபசிங்.

எழுந்தேன். வெளியே போகலாம் என்றால் வாசல் முழுக்க ஆட்கள். நடுப்பாதையில் நடந்தேன். முதல் பாட்டு நடந்துகொண்டிருக்கிறது. வலது பக்கம் அந்தச் செயலாளர் இடத்தைத் தவிர ஒரு விரல் நுழைய இடமில்லை. அதை விட்டால் கோயிலிலேயே காலியாக இருந்தது ஒரே ஒரு இடம்தான், அதில் அந்த அரக்குப் பை. அவ்வளவு கூட்டத்திலும் அந்த இடத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தொரு வருஷம் இடம் பிடிக்கிறவர்களோடு சண்டை போட்டவனுக்கு, ஒரு பை இடம் பிடித்து வைத்திருப்பது தெரியாமல் போய்விட்டது.

நான் போய் நின்றேன். சாராள் டீச்சர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்கள். நான் உட்கார்ந்தேன். பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, ரெண்டாவது சரணம் என்று விரலை வைத்துக் காட்டினார்கள். அவ்வளவுதான்.

பாவ அறிக்கை நேரம் வந்தது. எல்லாரும் தலை குனிந்தார்கள். உங்களுக்குத் தெரியும், அப்போது கோயிலில் சத்தம் இருக்காது. என்னைச் சுற்றி மூச்சுவிடுகிற சத்தம் மட்டும். தேங்காய் எண்ணெய் வாசம், பிச்சிப்பூ வாசம், பீரோவிலிருந்து எடுத்த சேலையின் அந்துருண்டை வாசம். ஐயா, பஸ்ஸில் ஆள் ஏறினால் வண்டி லேசாக ஒரு அமுங்கு அமுங்கும். கண்டக்டர் முன்னால் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாலும் பின்படியில் ஆள் ஏறியது அவனுக்குத் தெரிந்துவிடும், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பெஞ்சு அப்படி அமுங்கியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்க்கவும் முடியாது. அழுதுகொண்டிருந்தேன். எட்டு மாதத்து அழுகை. மூக்கெல்லாம் ஒழுகி, தோளெல்லாம் குலுங்கி, சின்னப்பிள்ளை மாதிரி. வெட்கம் பிடுங்குகிறது, நிறுத்த முடியவில்லை. பின்பெஞ்சில் இட்லிக்கடை ஞானப்பூ இருந்தாள். குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்.

“அழுங்க அண்ணாச்சி. இந்தப் பக்கத்துல அது வழக்கந்தான்.”

ஆண்கள் பக்கத்தில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஒருத்தன் அழுது நான் பார்த்ததில்லை. இருமுவார்கள்.

அன்றையிலிருந்து அங்கேதான். ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஜெபசிங் ஒரு கடிதம் எழுதுவான். பழைய போதகர் வாங்கி வைத்துக்கொள்வார். நல்ல மனுஷர். நற்கருணைக்கு நான் எந்த வரிசையில் வருவேன் என்று முதல் மாதம் அவர் திகைத்து நின்றார், அப்புறம் பழகிவிட்டது.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று போதகர்களுக்கு ஒன்றும் தெரியாது ஐயா, தெரியாமல் இருப்பதே நல்லது. பிரசங்கம் பத்து நிமிஷம் தாண்டினால் பெப்பர்மின்ட் வரும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கைமாறிக் கைமாறி வரும். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யாருக்குச் சர்க்கரை கூடியது, எல்லாம் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் எனக்கு வந்து சேர்ந்துவிடும். பஸ்ஸில் முப்பத்தொரு வருஷத்தில் கிடைக்காத செய்தி அங்கே ஒரு ஞாயிறில் கிடைக்கும். பதிலுக்குப் பெண்கள் சங்கத்தில் ஃபேன் துடைக்க, பல்பு மாற்ற நான்தான். சுகிர்தம் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் எனக்காக என்னவெல்லாம் வேண்டிக்கொண்டாள் என்பதும் தெரிந்துவிட்டது. என் கோபத்துக்காக, குறட்டைக்காக, பஸ்ஸில் நான் யாரையும் கை நீட்டிவிடக் கூடாது என்பதற்காக. பதினெட்டுப் பெண்கள் கேட்க, சத்தமாக. அதுவும் தவிர, எனக்குத் தூங்காதே என்று காதைத் தொட்டுக்காட்டியவள், பிரசங்கத்தில் சுவரில் தலை சாய்த்து நன்றாகத் தூங்குவாளாம். டீச்சர் சொல்லித்தான் தெரியும். சுவரில் அவள் தலை பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை வட்டமாக இருக்கிறது.

அவளுக்காக அங்கே உட்காருகிறேன் என்று நினைக்காதீர்கள். சுவர் இருப்பதால் சாய வசதி, அவ்வளவுதான். போன கிறிஸ்மஸுக்குக் கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள். அந்த இடத்தில் மட்டும் ஓதம் இருக்கிறது, சுண்ணாம்பு ஒட்டாது, விட்டுவிடு என்று வெள்ளையடிக்கிறவனிடம் சொன்னேன். பொய்தான். ஜெபசிங் மேற்பார்வை பார்க்க வந்தான். கறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான். கால் படி சுண்ணாம்பு மிச்சம் என்று நினைத்திருப்பான்.

அவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். தினம் சாயங்காலம் வருகிறான். அந்த இடத்தை விட்டு எந்திரிவே, பழைய இடத்துக்கு வா என்று நச்சரிப்பான். கையில் தூக்குவாளி. அவன் வீட்டு இடியாப்பம், சொதி. லஞ்சம். வாங்கிச் சாப்பிட்டுவிடுவேன். லஞ்சத்தை வாங்கிக்கொண்டு காரியத்தை முடித்துக் கொடுக்காமல் இருப்பதில் ஒரு தனி ருசி உண்டு ஐயா. அதுவும் போகட்டும். அன்றையிலிருந்து முன்பெஞ்சுக்கு அவன் போகவே இல்லை. என் கடைசிப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன் சும்மா இருக்கிறானா? பக்கத்தில் தன் குடையை வைத்து இரண்டாள் இடத்தை அடைத்துக்கொள்கிறான். யாரையும் உட்கார விடுவதில்லை. இதற்குச் சபை ஒழுங்கு கிடையாதா? அதைப் பற்றி அந்தக் கவரில் ஒரு வரி இருக்காது.

பங்குனியில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள். அங்கேயும் வந்து உட்கார்ந்துவிட்டான். கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். பெஞ்சு விவகாரம் தீராமல் நான் செத்துவிடுவேனோ என்று பயம். எனக்குக் காய்ச்சலில் ஒன்றும் புரியவில்லை. ஆண்டவரே எங்கே இருக்கிறீர், பக்கத்தில் வாரும் என்று உளறுகிறேன், கண்ணைத் திறந்தால் அந்த மூஞ்சி. ஒருதரம் இல்லை. எத்தனை தடவை கூப்பிட்டேனோ அத்தனை தடவையும் அதே மூஞ்சி, கையில் ஈரத்துணி. கர்த்தரை எதிர்பார்த்துக் கண்ணைத் திறக்கிறவனுக்கு அது எப்பேர்ப்பட்ட ஏமாற்றம் என்று நினைத்துப் பாருங்கள்.

காப்பி ஆறுகிறது. கருப்பட்டி போட்டது, குடியுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கமிட்டி சொல்லி நான் எழுந்திருக்க மாட்டேன். அது முடிந்த விஷயம். ஆனால் ஷீபா என்று ஒரு பெண் இருக்கிறாள். உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்த முதல் வாரம், உங்கள் முதல் அடக்கம் அவள் புருஷனுக்குத்தான் பண்ணினீர்கள். லாரி ஓட்டப் போன பையன். இருபத்தாறு வயசுகூட இருக்காது அவளுக்கு. இடுப்பில் ஒரு பெண்குழந்தை. மூன்று ஞாயிறும் அவள் உட்காரவில்லை, கவனித்தீர்களா? பெண்கள் பக்கம் பின்வாசல் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே போய்விடுகிறாள். யாராவது கையைப் பிடித்து, கர்த்தர் பக்கத்துல இருக்காரும்மா என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

போன ஞாயிறு பாவ அறிக்கை நேரத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுகிற சத்தம். எல்லாருக்கும் கேட்டது. ஞானப்பூ என்னைப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். டீச்சர் அன்றைக்குப் பெப்பர்மின்ட் கொடுக்கவில்லை.

ஐந்து நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன் எனக்கே. வேறு இடமா இல்லை, ஒதுங்கி உட்கார்ந்தால் ஒரு ஆள் கொள்ளாதா என்று. கொள்ளும் ஐயா. ஆனால் பக்கத்தில் ஒரு வழுக்கைக் கிழவன் இருந்தால் அந்தப் பெண் முந்தானையை வாயிலிருந்து எடுப்பாளா? மாட்டாள். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் பொம்பிளைகள் இருக்க வேண்டும். சுவர் ஓரம் வேறு, குழந்தை தவறி விழாது. சுகிர்தம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே கண்ணாடியைக் கழற்றியிருப்பாள்.

ஆகவே எழுந்துவிடுகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிப்பீர்கள் அல்லவா, அதில் இதையும் வாசித்துவிட வேண்டும்: அருமைநாயகம் விரும்புகிறவரைக்கும் நான்காவது பெஞ்சிலேயே உட்காரலாம், கமிட்டிக்கு ஆட்சேபணை இல்லை. ஜெபசிங் சம்மதிப்பானா என்று பார்க்காதீர்கள், நான் எழுந்துவிடப் போகிறேன் என்று அவனிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுவான். வாசியுங்கள். நன்றாக, சத்தமாக, இரண்டு தரம் வாசித்தாலும் சரி. வாசித்து முடித்ததும் நான் எழுந்து பின்னால் போய் அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு ஆண்கள் பக்கம் போய்விடுவேன். கமிட்டி விரட்டி அருமைநாயகம் எழுந்தான் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. ஜெயித்த பிறகு விட்டுக்கொடுத்தான் என்று இருக்கட்டும். இது பெருமை என்று சொல்வீர்கள். பெருமைதான். அதற்காக வெள்ளிக்கிழமைகளில் ஏற்கெனவே நிறைய ஜெபித்தாகிவிட்டது, கேட்கப்படவில்லை.

அவள் பெயரை மட்டும் வாசித்துவிடாதீர்கள்.

போய்விட்டால் அழுகை வந்தால் என்ன செய்வேன் என்று கேட்கிறீர்களா? ஆண்கள் பக்கத்திலேயே அழுது பார்க்க வேண்டியதுதான். ஒருவன் தொடங்கினால் மற்றவர்களும் இருமுவதை நிறுத்தலாம்.

சரி ஐயா, ஜெபம் பண்ணிவிட்டுப் புறப்படுங்கள். நான் முழங்கால் போட மாட்டேன், தூக்கிவிட நீங்கள் ஒருவர் போதாது. சுருக்கமாகவே ஜெபியுங்கள். ஒன்றே ஒன்று. உங்களைப் போன்ற இளம் போதகர்கள் எல்லாரும் ஜெபத்தைத் தொடங்கும்போதே ஆண்டவரே இறங்கி வாரும், இந்த வீட்டுக்குள் வாரும் என்று கூப்பிடுகிறீர்கள். இங்கே அது வேண்டாம். வந்து உட்கார்ந்திருக்கிறவரை முகத்துக்கு நேரே வா வா என்றால், அவருக்கு ஒருமாதிரி இருக்கும்.